ஈசான மூலையில் நான்கு முட்டைகள்

இரண்டு வாரங்களுக்கு முன், ஒரு சனிக்கிழமை காலை, எங்கள் வீட்டில் அண்ணாவின் கல்யாணத்துக்குக் கன்னிக்கால் நட்டோம். வந்திருந்த பதினாறு பேரும் குடை பிடித்திருந்தார்கள். ஐயர் உட்பட.

மழையா? ஒரு துளி இல்லை. வெயிலா? அதுவும் அவ்வளவு இல்லை. வசந்தகாலத்து இளவெயில், முதுகுக்கு இதமாகத்தான் இருந்தது.

பிறகு எதற்குக் குடை? சொல்கிறேன். சொல்லாமல் விட்டால் எங்கள் சம்பந்தி ராணி அன்ரி தன்னுடைய கணக்கில் ஊர் முழுக்கச் சொல்லிவிடுவார். அதற்கு முதல் நான் முந்திக்கொள்கிறேன்...

முதலில் வீடு.

பிளாக்டவுனிலிருந்து காரில் அரை மணி நேரம் ஓடினால் கடைகள் முடிந்து குதிரைகள் தொடங்கும். அந்தக் குதிரைகளுக்குப் பக்கத்தில் ஒரு ஏக்கர் காணியும் ஒரு பழைய வீடும் வாங்கினோம். மால்டாவிலிருந்து வந்த ஒரு தம்பதி நாற்பது வருடங்களுக்கு முன் தங்கள் கையாலேயே கட்டியது. மத்தியதரைக் கடலோரத்தில் விட்டுவிட்டு வந்ததையெல்லாம் அவர்கள் இங்கே திரும்பவும் வைத்திருந்தார்கள். வேலியோரம் ஒலிவ் மரங்கள். ஒரு அத்தி. இரண்டு எலுமிச்சை. சிவப்பு ஓடு, வெள்ளை வளைவுகள், வீட்டின் ஒரு பக்கம் முழுவதும் திராட்சைப் பந்தல். சிட்னியின் ஓரத்தில் ஒரு துண்டு மால்டா — அதற்குள் குடிபோகக் காத்திருந்தது வன்னியிலிருந்து வந்த ஒரு குடும்பம்.

அந்தக் குடும்பத்தையும் சொல்லிவிடுகிறேன். அப்பா ஐந்தாம் வகுப்பு. ஊரில் மேசன், இங்கே டைல் ஒட்டுபவர். மாலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலையும் உண்டு. அம்மா எட்டாம் வகுப்பு. அண்ணா பதினேழு வயதில் பள்ளிக்கூடப் பையை வைத்துவிட்டு அப்பாவோடு டைல் ஒட்டப் போனவர் — நான் படிக்க வேண்டும் என்பதற்காக. நான்? பரமட்டாவில் லோயர். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகத்துக்குள் கால் வைத்தவள். பட்டத்தைச் சட்டம் போட்டு ஹோலில் மாட்டியிருக்கிறோம். வெட்கமே இல்லாமல், டிவியை விடப் பெரிய சட்டம்.

பெருமைதான். ஏன் இருக்கக் கூடாது? ஆனால் இந்தக் கதையில் அந்தப் பெருமைக்கு ஒரு அடி விழும். கொஞ்சம் பொறுங்கள்.

வீடு பார்க்கப் போன நாள் நினைவிருக்கிறது. குளிர்காலம், உச்சி வெயில் நேரம். ஏஜென்ட் குசினியில் அடுப்பைக் காட்டுகிறார், குளியலறையைக் காட்டுகிறார்... அப்பாவைக் காணவில்லை. வெளியே வந்து பார்த்தால், ஒரு தடியை நிலத்தில் ஊன்றிவிட்டுப் பக்கத்தில் குந்தியிருக்கிறார்.

"என்னப்பா செய்யிறீங்கள்?"

"திசை பாக்கிறன். மத்தியான நிழல் விழுகிற பக்கம் வடக்கு. பதினைஞ்சு வருசம் இப்பிடிப் பாத்துத்தான் வீடுகளுக்கு மூலை போட்டனான்."

"போனில கொம்பஸ் இருக்குது அப்பா" என்றார் அண்ணா.

"போன் பொய் சொல்லும். நிழல் பொய் சொல்லாது."

எழும்பி, நிழல் காட்டிய பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார். வலக்கையை நீட்டினார். கை நேராக ரோட்டைக் காட்டியது.

"கிழக்கு வாசல் வீடு!" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் என் பட்டமளிப்பு நாளில்கூடப் பார்க்கவில்லை. அன்றைக்கே வீடு முடிவாகிவிட்டது. ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தவள் நான். ஒரு காற்புள்ளியைக் கூட விடவில்லை.

அதோடு, வாசலுக்கு இடப்பக்கம், கேட்டடி மூலையைக் காட்டி, அண்ணாவின் தோளைத் தட்டிச் சொன்னார்: "அதுதான் ஈசான மூலை. இவன்ர கலியாணத்துக்குக் கன்னிக்கால் அதிலதான்."

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு ஒரு வார்த்தை — நீங்கள் முகூர்த்தக்கால் என்பீர்கள். மாப்பிள்ளை வீட்டில் தாலிக்குப் பொன் உருக்கிய கையோடு, வளவின் வடகிழக்கு மூலையில், அதாவது ஈசான மூலையில், முள்முருக்கங் கிளை ஒன்றை நடுவோம். அதுதான் கன்னிக்கால். கல்யாணம் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம்.

அப்பாவுக்கு அது வெறும் கிளை இல்லை. அப்பா, அம்மாவின் கல்யாணம் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நடந்தது. பிறகு கூட்டிச் சுத்தம் செய்து மேசைகளைத் திருப்பி வைக்க வேண்டியிருந்ததாம். "எங்களுக்குக் கால் நடக் காணி இருக்கேல்லை" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். ஒரு தடவைதான். 

சரி, வசந்தத்துக்கு வருவோம்.

வீட்டைத் திருத்த ஞாயிற்றுக்கிழமைகளில் போவோம். பதினொரு மணிக்குப் போய் டைல் மாற்றுவோம், பெயின்ட் அடிப்போம். மூன்று மணிக்கு அப்பாவின் மாலை வேலைக்காகக் கிளம்பிவிடுவோம். புரட்டாதி மாதம் பிறந்ததும் அந்த இடம் மாறத் தொடங்கியது. மொட்டையாக நின்ற அத்தியில் குழந்தையின் உள்ளங்கை அளவில் இலைகள். எலுமிச்சைப் பூ வாசம் வான் வண்டியின் கதவைத் திறக்கும்போதே உள்ளே வரும். ஒலிவ் கிளைகளில் சிவப்பும் பச்சையுமாகக் கிளிகள், பள்ளிக்கூடம் விட்ட மாதிரி.

புது வீடு என்று நாங்கள்தான் நினைத்தோம். அங்கே குடியிருந்தவர்கள் ஏற்கெனவே நிறையப் பேர்.

ஒருநாள் அண்ணா வளைவின் கீழ் வைத்திருந்த டைல் பெட்டியைத் தூக்கிவிட்டு, தூக்கிய வேகத்தில் கீழே போட்டார். பெட்டிக்குப் பின்னால் முழங்கை நீளத்தில் ஒன்று படுத்திருந்தது. வாயைத் திறந்து நீல நாக்கை நீட்டியது. அண்ணா வானுக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

அம்மா குனிந்து பார்த்தார். "அரணையடா இது! எங்கட அரணைதான். இஞ்ச வந்து நல்லாச் சாப்பிட்டுக் கொழுத்திட்டுது."

"எங்கட அரணைக்கு நீல நாக்கோ அம்மா?"

"வந்த நாட்டில நிறம் மாறாதே? உன்ர தலைமயிரைக் கண்ணாடியில பார்."

அம்மா இப்படித்தான். இந்த நாட்டில் எதைப் பார்த்தாலும் அவருக்கு அது சொந்தக்காரர்.

புரட்டாதிக் கடைசி ஞாயிறு. கேட்டைத் திறக்க அண்ணா வானிலிருந்து இறங்கினார். 'கிறீச்... கிறீச்...' என்று காதைக் கிழிக்கிற சத்தம். ஒரு பறவை நேராக அவருடைய தலைக்கு மேல் பாய்ந்தது. அண்ணா குனிந்தார். இன்னொன்று எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. அண்ணா நிலத்தில் படுத்தே விட்டார்.

நெடுங்கால், மண்ணிறச் சிறகு, சிறகின் வளைவில் முள். முகத்தில் மஞ்சள் சதை மடிப்பு, முகமூடி போட்டது போல. இங்கே பிளோவர் என்பார்கள்.

"ஆட்காட்டி!" அம்மா வானுக்குள் இருந்தே கத்தினார். "எங்கட ஆட்காட்டியெல்லோ! பாருங்கோ, கலியாண வீட்டுக்கு முகத்தில மஞ்சள் பூசிக்கொண்டு வந்திருக்கிறாள்."

வன்னியில் ஆட்காட்டியைத் தெரியாதவர் இல்லை. ஆள் நடமாட்டம் கண்டால் ஊரையே எழுப்புகிற குருவி. அது கூடு கட்டாது. வெறும் நிலத்தில், சரளைக்கல் நடுவே முட்டையிடும்.

இந்த ஆட்காட்டி எங்கே இட்டிருந்தது?

கேட்டடி மூலையில். அப்பா ஈசான மூலை என்று அடையாளத்துக்கு நட்டு வைத்திருந்த தடியிலிருந்து ஒரு சாண் தள்ளி. நான்கு முட்டைகள். சேற்று நிறம், கறுப்புப் புள்ளி.

அப்பா முட்டையைப் பார்த்தார். தடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எப்ப பொரிக்கும்?"

வனவிலங்கு உதவித் தொலைபேசிக்கு அழைத்துக் கேட்டேன். ஒரு தொண்டர் பெண் பொறுமையாகச் சொன்னார்: நான்கு வாரமளவில் பொரிக்கும். பொரித்த சில மணி நேரத்தில் குஞ்சுகள் நடந்து போய்விடும். அதுவரை நகர்த்தக் கூடாது. நகர்த்தினால் பறவை திரும்பி வராமல் போகலாம். உள்நாட்டுப் பறவை, சட்டப் பாதுகாப்பு உண்டு.

பொன்னுருக்கல் நான்கு வாரத்தில். நாளும் நேரமும் ஐயர் குறித்துக் கொடுத்தது. பொரித்தால் நல்லது. பொரிக்காவிட்டால்?

அதற்குள் செய்தி மணப்பெண்ணின் அம்மாவுக்குப் போய்விட்டது. ராணி அன்ரி. பிளாக்டவுனில் அவரைத் தெரியாத கடை இல்லை.

"என்ன பிள்ளை, கன்னிக்கால் நடுற இடத்தில ஆரோ குடியிருக்கினமாம்?"

"ஓம் அன்ரி. ஆட்காட்டி."

"லோயர்தானே நீ, நோட்டீஸ் அனுப்பன்!" தன் பகிடிக்குத் தானே சிரித்தார். பிறகு குரல் மாறியது. "பகிடி இருக்கட்டும். சம்பந்தி வீட்டில கால் மூலை மாறி நட்டதெண்டு நாளைக்கு ஒரு சனம் கதைக்கக்கூடாது. ஒரு குருவிக்காக."

அவர் சொன்னது அப்பாவின் காதில் விழுந்துவிட்டது. ஸ்பீக்கரில் போட்டது என் பிழை.

அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் அப்பா முட்டைகளை எண்ணுவார். நான்கு. அடுத்த ஞாயிறும் நான்கு. தாய்ப் பறவை அவரை ஒருமுறை குத்த வரும், அவர் தொப்பியால் விசுக்குவார், இரண்டு பேரும் ஒருவரையொருவர் முறைப்பார்கள். நாட்கள் போயின. ஐப்பசி பிறந்தது.

பொன்னுருக்கலுக்கு இரண்டு நாள் முன், வியாழக்கிழமை, வென்ட்வேர்த்வில் ஃபிளாட்டைக் காலி செய்துகொண்டு, இருட்டிய பிறகு குடிவந்தோம். இரவுச் சாப்பாட்டு நேரம் அப்பா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "நாளைக்குக் காலமை மண்ணோட சேர்த்து அள்ளி அங்கால வைக்கப் போறன். மண்வெட்டியில. முட்டைக்கு ஒண்டும் நடக்காது."

"அப்பா, தொட ஏலாது. சட்டம் இருக்குது."

"குருவிக்குச் சட்டம்."

"ஓம். கூட்டைக் கலைக்கிறதெண்டால் அனுமதி வேணும்."

அப்பா என்னை நிமிர்ந்து பார்த்தார். "எங்கட கூட்டைக் கலைச்சவங்கள் ஆரிட்ட அனுமதி கேட்டவங்கள் பிள்ளை?"

  ஐந்து வருடச் சட்டப் படிப்பில் அந்தக் கேள்விக்குப் பதில் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அம்மாதான் பேசினார். சோற்றைப் பிசைந்துகொண்டே, யாரையும் பார்க்காமல். "அதுக்காகத்தான் சொல்லுறன். தொடாதேங்கோ."

"நான் கால் நடாட்டிலும் பரவாயில்லை அப்பா" என்றார் அண்ணா.

"உனக்குப் பரவாயில்லை. எனக்கு?"

அத்தோடு சாப்பாடு முடிந்தது.

வெள்ளிக்கிழமை விடிந்தது. அந்த வீட்டில் எங்கள் முதல் விடியல். அதுவரை அந்த வளவில் நாங்கள் ஒரு காலையையும் பார்த்ததில்லை, ஒரு மாலையையும் பார்த்ததில்லை — இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண் விழித்தபோது வாசலில் அம்மாவின் குரல். "சூரியன் பிந்திப்போச்சு போல."

போய்ப் பார்த்தேன். அம்மா குளித்து, திருநீறு பூசி, கையில் கற்பூரத் தட்டோடு முன்வாசல் படியில் நிற்கிறார். புது வீட்டில் முதல் சூரியனைக் கும்பிட. கிழக்கு வாசல் அல்லவா? ரோட்டைப் பார்த்தபடி நிற்கிறார். வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. கூக்கபராப் பறவை சிரித்து முடித்துவிட்டது. சூரியனை மட்டும் காணவில்லை.

என் குதிக்காலில் சூடு தெரிந்தது.

திரும்பிப் பார்த்தேன். குசினியின் பின்கதவுக் கண்ணாடி வழியாக ஒரு பொன்னிறப் பட்டை, ஹோலைத் தாண்டி, புது டைல்ஸ் மேல் ஊர்ந்து, அம்மாவின் முதுகு வரை வந்து நின்றது.

நான் என்ன யோசித்தேன் என்று கேட்கிறீர்களா? படித்தவள் அல்லவா... 'கண்ணாடியில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம்' என்று யோசித்தேன்!

அதற்குள் வெளியே ஆட்காட்டியின் அலறல். அப்பா! மண்வெட்டியும் வாளியுமாக மூலைக்குப் போய்விட்டிருந்தார். செருப்பில்லாமல் ஓடினேன். ஆண் பறவை அவருடைய தலையைச் சுற்றிச் சுற்றிப் பாய்ந்தது. தாய் முட்டையை விட்டு எழும்பி, இரண்டு முழம் தள்ளி, ஒரு சிறகை ஒடிந்தது போல நிலத்தில் இழுத்து இழுத்து நடந்து காட்டியது. என்னைப் பிடி, அதை விடு என்கிற நாடகம்.

அப்பா மண்வெட்டியை ஓங்கவில்லை. அவர் முட்டையையும் பார்க்கவில்லை. பறவையையும் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு சிலை மாதிரி நின்றார்.

அவருடைய நிழல். விடிகாலை நிழல், நீளமாக, முட்டைகளைத் தாண்டி, கேட்டைத் தாண்டி, ரோட்டு வரை கிடந்தது.

விடியல் நிழல் எந்தப் பக்கம் விழும்? மேற்கே. அது மேசனுக்குத் தெரியாதா?

மெல்லத் திரும்பினார். வீட்டுக் கூரைக்குப் பின்னால், திராட்சைப் பந்தலுக்கும் ஒலிவ் மரங்களுக்கும் நடுவே, சூரியன் ஒரு பனை உயரம் எழும்பியிருந்தது.

"பிள்ளை" என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "சூரியன் பிழையான பக்கத்தாலை வந்திருக்குது."

அப்போதுதான் எனக்கு எல்லாம் ஒன்றாக விளங்கியது. கூரையில் சோலார் பலகைகள் எந்தப் பக்கம் இருக்கின்றன? மால்டாக்காரர் நிழலுக்காகத் திராட்சைப் பந்தலை எந்தப் பக்கம் போட்டார்? இங்கே உச்சி வெயில் வருகிற வடக்குப் பக்கம். அந்த வீடு எங்களுக்கு முதல் நாளிலிருந்தே வடக்கைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. நாங்கள்தான் தடியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பட்டதாரியும் சேர்த்துத்தான். நான் வரி வரியாகப் படித்தேன் என்று சொன்னேனே, அந்த ஒப்பந்தம்... அதன் காணி வரைபடத்தில் மேல்மூலையில் ஒரு அம்பு போட்டு, வடக்கு என்று எழுதியிருந்தது. பிறகு எடுத்துப் பார்த்தேன். எழுத்தைப் படித்தவள் படத்தைப் பார்க்கவில்லை.

அப்பா இன்னும் நிழலையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினைந்து வருடம், எத்தனையோ வீடுகளுக்கு மூலை போட்ட மனிதர். படிப்பில் என்னோடு எதிலும் போட்டிக்கு வராதவர், இது ஒன்றில் மட்டும் எனக்கு மேலே நின்றார். அதைப் பறிப்பதா?

"உங்கட தடி பிழைக்கேல்லை அப்பா" என்றேன். "அங்க எங்களுக்கு அனேக நாள் மத்தியானச் சூரியன் தெற்குப் பக்கம் சாய்ஞ்சு நிக்கும், நிழல் வடக்க விழும். நாங்கள் பூமியின்ர நடுக்கோட்டைத் தாண்டிக் கீழ வந்திட்டம். இஞ்ச சூரியன் வடக்க நிக்கும். நிழல் தெற்க விழும்."

"அப்ப நிழல் பொய் சொல்லேல்லை."

"இல்லை. நாங்கள் இடம் மாறினதை நிழலுக்கு ஆரும் சொல்லேல்லை."

அப்பா மண்வெட்டியைக் கீழே வைத்தார். தாய்ப் பறவை நொண்டுவதை நிறுத்திவிட்டு, சிறகு சரியாகி, நடந்து வந்து முட்டையின் மேல் உட்கார்ந்தது. அப்பா அதையே பார்த்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரிப்பு.

"கிழக்கு வாசல் எண்டு சொல்லி மேற்கு வாசல் வாங்கியிருக்கிறன், பாரன்!"

படியில் நின்ற அம்மாவுக்கு அதற்குள் விஷயம் புரிந்துவிட்டது. கற்பூரத் தட்டோடு விறுவிறு என்று வீட்டுக்குள் நடந்து, ஹோலைக் கடந்து, பின்கதவைத் திறந்தார். "கிழக்கு வாசல் இருக்குது! என்ர குசினி வாசல்தான் கிழக்கு. சூரியன் முதல்ல எனக்குத்தான், பிறகுதான் உங்களுக்கு!"

யோசித்துப் பாருங்கள். புலம்பெயரும்போது நாம் என்னவெல்லாம் கொண்டுவருகிறோம்? சாமிப் படம், மிளகாய்த்தூள், கல்யாண அல்பம்... எல்லாவற்றையும் சுங்கத்தில் பிரித்துப் பார்க்கிறார்கள். திசையை மட்டும் யாரும் பார்ப்பதில்லை. அது தலைக்குள் மடித்து வைத்தபடி அப்படியே வந்துவிடுகிறது. பத்தொன்பது வருடம் ஃபிளாட்டில் இருந்தவர்களுக்கு அதை விரித்துப் பார்க்கத் தேவையும் வரவில்லை.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? ஆட்காட்டி இருந்தது தென்மேற்கு மூலை. உண்மையான ஈசான மூலை அதற்கு நேர் எதிரே, வீட்டின் பின்பக்கம். அப்பா இப்போது இளைஞர் மாதிரி நடந்தார். ஒலிவ் வரிசை முடியும் இடம். வளவிலேயே பச்சைப் பசேலென்று புல் செழித்த இடம். அண்ணா புல்லைக் காலால் விலக்கினார். வட்டமாக ஒரு சீமெந்து மூடி.

"இது என்ன அப்பா?"

டைல் ஒட்டுகிறவருக்குத் தெரியாதா? அப்பா தலையில் கை வைத்தார். "கக்கூஸ் குழி."

குதிரைகள் இருக்கிற இடத்தில் சாக்கடைக் குழாய் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் சொந்தக் குழிதான். மால்டாக்காரர் அதை ஈசான மூலையில் பொறுமையாக, நாற்பது வருடத்துக்கு நிற்கிற மாதிரிக் கட்டியிருந்தார்!

அண்ணா புல்லில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "மாப்பிள்ளை நான். எனக்கு எந்த மூலை எண்டு ஆராவது முடிவு சொல்லுங்கோ."

ஐயருக்குப் போன் போட்டோம். அப்பா தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். ஐயர் முழுவதும் கேட்டார்.

"தம்பி, இந்த நாட்டில நான் கராஜுக்குள்ள கால் நட்டிருக்கிறன். ஒன்பதாம் மாடி பல்கனியில, பூச்சாடிக்குள்ள நட்டிருக்கிறன். உங்களுக்கு மண் இருக்குது. மூடியில இருந்து பத்தடி தள்ளி நடுங்கோ. ஈசானன் கோவிக்கமாட்டார்."

அப்பா 'உங்களுக்கு மண் இருக்குது' என்பதை மட்டும் இரண்டு தடவை திருப்பிச் சொல்லிக்கொண்டார். அளந்து, பத்தடி தள்ளி, கடைசி ஒலிவ் மரத்தின் பக்கத்தில் குழி வெட்டினார். அதே மண்வெட்டியால்.

அன்று பின்னேரம் அம்மா ஓடிவந்தார். முட்டைகள் பொரித்துவிட்டன. நான்கும். பஞ்சு உருண்டைக்குத் தீக்குச்சிக் கால் வைத்தது போல நான்கு குஞ்சுகள். நாங்கள் தள்ளி நின்று பார்த்தோம். அப்பா எண்ணினார்: "ஒண்டு, ரெண்டு, மூண்டு, நாலு." அடுத்த நாள் காலை அந்த மூலை வெறுமையாகக் கிடந்தது. போய்விட்டன. அப்பாடா என்றிருந்தது.

அப்பாடாவா? குஞ்சுகளுக்குப் புழு வேண்டும். புழு ஈரமண்ணில் இருக்கும். வளவிலேயே ஈரமான, பசுமையான, புழு நிறைந்த இடம் எது?

ஆம். தாயும் தகப்பனும் நான்கு பிள்ளைகளையும் நடத்தி, வீட்டைச் சுற்றி, நேராக உண்மையான ஈசான மூலைக்குக் கூட்டி வந்திருந்தன. அதற்குக் கொம்பஸும் தேவைப்படவில்லை, தடியும் தேவைப்படவில்லை.

இப்போது குடை ஏன் என்று புரிகிறதா?

பொன் உருக்கியாகிவிட்டது. நல்ல நேரம் ஓடிக்கொண்டிருக்கிறது. பதினாறு பேர் குடையை விரித்துக்கொண்டு, ஊர்வலமாக, அடிமேல் அடி வைத்து, குஞ்சுகளை மிதித்துவிடாமல் குனிந்து பார்த்தபடி ஒலிவ் மரத்தடிக்குப் போனோம். 'கிறீச்... கிறீச்...' பறவை பாயும், குடைகள் ஒரு பக்கம் சாயும். மறுபடி பாயும், மறுபக்கம் சாயும். ஐயர் மந்திரத்தைப் பறவைக்கு மேலாகக் கேட்கும்படி உச்சத்தில் சொன்னார். போட்டிருந்த நாதஸ்வர சிடி தோற்றுப்போனது.

நடுவில் ராணி அன்ரி, அரக்குப் பட்டுச் சேலையில், அசையாமல் நின்றார்.

"வாங்கோ அன்ரி, இஞ்சால வந்து தண்ணி ஊத்துங்கோ" என்றேன்.

"நான் வரேலாது பிள்ளை" என்றார், உதட்டை அசைக்காமல். "என்ர சேலைக்குள்ள ஒண்டு நிக்குது."

குனிந்து பார்த்தேன். சேலைக் கரையின் நிழலில், அவருடைய செருப்போடு ஒட்டி, ஒரு குஞ்சு பதுங்கியிருந்தது. தாய் ஆபத்து என்று கத்தினால் குஞ்சுகள் கிடைத்த நிழலில் அப்படியே உறைந்துவிடும். இதற்குக் கிடைத்த நிழல் காஞ்சிபுரம்.

ஒரு குருவிக்காக மூலை மாறக்கூடாது என்ற ராணி அன்ரி, கால் நட்டு, பால் ஊற்றி, தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி முடியும் வரை, இருபது நிமிடம் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை. கால் நட்ட பிறகு அவருடைய குடையை அப்பா பிடித்துக்கொண்டு நின்றார்.

"சம்பந்தி, கால் வலிக்குதோ?"

"வலிக்கட்டும். சின்னன் பயந்துபோயிருக்குது, கதைக்காதேங்கோ."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார்.  

கால் நடும்போது அண்ணா கிளையைப் பிடித்தார், அப்பா மண்ணைத் தள்ளினார். தள்ளிவிட்டு, இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தினார். ஒரு தடவை. இன்னொரு தடவை. ஐயர் "போதும்" என்ற பிறகும்.

கல்யாணம் சிறப்பாக முடிந்தது. அண்ணி வீட்டுக்கு வந்துவிட்டார். ஆட்காட்டிக் குஞ்சுகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. நான்கும் இருக்கின்றன, அப்பா தினமும் எண்ணுகிறார். தாய்க்கு அவர் இப்போது பழக்கம். முறைப்பதோடு விட்டுவிடுகிறது. மற்ற எல்லோருக்கும் பின்வாசலில் ஒரு வாளி நிறையக் குடைகள் வைத்திருக்கிறோம். மேற்கு வாசல் வீட்டில் இருந்துகொண்டு அம்மா தன்னைச் சந்திக்க வருகிறவர்களையெல்லாம் குசினி வாசலால் வரச் சொல்கிறார்.

இன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது அப்பா கூப்பிட்டார். முள்முருக்கங் கால் துளிர்த்திருந்தது. பச்சைப் பட்டாணி அளவில் மூன்று மொட்டுகள். மூன்றும் சூரியன் நிற்கிற பக்கம் பார்த்து. வடக்கு.

முள்முருக்குக்கு இரண்டு வாரம் போதுமாயிருந்தது. எங்களுக்குத்தான் பத்தொன்பது வருடம்!